தீட்சிதர் கண்ட காசி

உலகைச் சுற்றி வந்தோருள் சிலர் தாம் கண்ட ஊர்களையெல்லாம் ஏட்டில் எழுதி வைத்தனர். ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த யுவான் சுவாங் என்னும் துறவி காசியையும் எழுதினார், காஞ்சியையும் எழுதினார். அவர் எழுதியிராவிடில் அக்கால நகரங்களைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி மறைந்தே போயிருக்கும். இசைவாணரோ எனில், ஊரூராகச் சென்றவராயினும், தாம் கண்டதை உரைநடையில் எழுதி வைக்கும் வழக்கத்தை மேற்கொண்டவர் அல்லர். ஆயினும் ஓர் இசைவாணர் ஓர் ஊரில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்திருப்பாரேயானால், அவ்வூர் அவருடைய இசையில் தன் சுவட்டைப் பதிக்காமல் விடுவதில்லை. சுவட்டைப் படிக்கத் தெரிந்தால் அதுவே பயண நூலாகும்.

இங்ஙனம் படிக்கத்தக்க ஒரு பயணம், முத்துசுவாமி தீட்சிதர் திருவாரூர் மண்ணிலிருந்து புறப்பட்டுக் கங்கைக் கரையில் சில ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய பயணமாகும். மொழி வேறான பெருநகரில் குடியேறி வாழும் நமக்கு அந்தப் பயணம் வெறும் பழங்கதை அன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மணலியும் கோட்டையும்

தீட்சிதர் 1775ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். தந்தையார் இராமசுவாமி தீட்சிதர், அம்சத்வனி என்னும் இராகத்தை இசையுலகுக்கு அளித்தவர். சென்னைக்கு வடக்கே உள்ள மணலியில் ஆட்சி செலுத்திய முதலியார் குடும்பத்தின் ஆதரவு கிட்டியதனால், இராமசுவாமி தீட்சிதர் தம் மக்களுடன் அங்கே குடிபெயர்ந்தார். காவிரிப் படுகையில் வளர்ந்த ஒரு குடும்பம் பிழைப்பையும் ஆதரவையும் நாடிப் புதியதோர் ஊரில் போய் வாழ்ந்தது என்று நாம் இதனை எளிமையாகச் சொல்லிவிடலாம்.

மணலியில் வாழ்ந்தபோது சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆங்கிலேயப் படையினர் வாசித்த பாண்டு வாத்தியம் அக்குடும்பத்தார் காதில் விழுந்தது. அந்த மெட்டுகளுக்குத் தீட்சிதர் வடமொழியில் சொற்களை அமைத்தார். நோட்டு சுவரங்கள் என்று இன்று வழங்கும் அச்சிறு பாடல்கள் ஏறத்தாழ நாற்பது உள்ளன. ஆங்கில அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டும் அவற்றுள் ஒன்று. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதே சூழலில் மேனாட்டு வயலினைக் கற்று, அது நம் இசையின் பக்கவாத்தியமாக நிலைபெற வழிகோலியவருள் ஒருவரானார்.

நோட்டு சுவரங்களைப் பாடிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். மெட்டு மேனாட்டு மெட்டாகவே இருக்கிறது. கமகம் இல்லை, இராக ஆலாபனைக்கு இடம் இல்லை. சுரங்கள் படிக்கட்டில் ஏறி இறங்குவதுபோல் நேராகச் செல்கின்றன. குழந்தைகளுக்குக் கற்பிக்க இனியவை. ஆனால் கோட்டை மதிலுக்கு அப்பாலிருந்து கேட்ட இசையின் அளவிலேயே நின்றுவிடுபவை. இதனை நினைவில் வைத்துக்கொண்டு காசிக்குச் செல்வோம்.

காசிக்குச் சென்ற வழி

சிதம்பரநாத யோகி என்னும் துறவி காசிக்குச் செல்லும் வழியில் மணலிக்கு வந்தார் என்றும், இளைஞரான முத்துசுவாமியின் அறிவையும் பண்பையும் கண்டு தம்முடன் அனுப்புமாறு தந்தையாரை வேண்டினார் என்றும் தீட்சிதர் குடும்ப வரலாறு கூறுகிறது. மூத்த மகனைப் பிரிய மனமின்றியே தந்தையார் இசைந்தார் என்பர். அப்போது பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் இருந்தது. இருப்புப்பாதை இல்லாத காலம். தமிழகத்திலிருந்து காசிக்குப் போவது என்றால் திங்கள் கணக்கில் நடப்பது. திரும்பி வருவோம் என்ற உறுதியின்றியே விடைபெறுவது. இன்று தாதரில் ஏறி மறுநாள் சென்னையில் இறங்கும் நாம், அந்தத் தந்தையார் எதற்கு இசைந்தார் என்பதைச் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தீட்சிதர் காசியில் வாழ்ந்த காலத்தை ஐந்தாண்டு என்பாரும் ஏழாண்டு என்பாரும் உண்டு. எதுவாயினும் அது யாத்திரிகர் தங்கும் காலம் அன்று. ஒரு நகரின் கோடையையும் மழையையும் குளிரையும் பன்முறை கண்டு, அதன் வசையையும் வாழ்த்தையும் கேட்டுப் பழகும் காலம்.

அந்நாளைய காசி

அவர் கண்ட காசி எத்தகையது? அழியாத பழம்பதி என்று நூல்கள் புகழும் அந்நகரம், அவர் அங்குச் சென்றபோது பெருங்குழப்பத்திலிருந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. தீட்சிதர் பிறந்த அதே 1775ஆம் ஆண்டில்தான் அயோத்தி நவாபு காசி நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். 1781இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசி அரசர் சேத்சிங்கைச் சிறைப்படுத்த முயன்றபோது, சிவாலாத் துறையின் மாளிகையில் வாட்போர் மூண்டது. கம்பெனியின் சிப்பாய்கள் வெட்டுண்டனர். அரசர் கங்கை வழியே தப்பிச் சென்றார். காசி விசுவநாதர் கோயிலைப் பழமையின் உருவமாக நாம் கருதுகிறோம். ஆனால் தீட்சிதர் வணங்கிய கோயில், இந்தூர் அரசி அகல்யாபாய் 1780இல் எழுப்பி முடித்தது. கட்டடத்தின் வயதைக் கணக்கிட்டால் அது தீட்சிதரைக் காட்டிலும் ஐந்தாண்டு இளையது. கோயிலின் முன்னே முரசும் நாகசுரம் போன்ற செனாயும் முழங்கும் நௌபத் மண்டபம் 1785இல் அமைந்தது. சமற்கிருதக் கல்லூரி 1791இல் கம்பெனி அதிகாரி ஜோனதன் டங்கனின் முயற்சியால் தோன்றியது. பழமை மிக்க நகரம். ஆயின் அதன் சுவர்களில் சுண்ணாம்பு இன்னும் உலராத நகரம்.

தெருக்களோ இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். நடுவே காளைகள். மராத்தியர் கட்டிய படித்துறைகள், வங்காளியர் குடியிருப்பு, குசராத்தி வணிகர் வீதி, தென்னாட்டார் தெரு என்று ஒவ்வொரு மொழியாரும் ஒரு மூலையைத் தமதாக்கிக்கொண்டிருந்தனர். தென்னாட்டார் பெரும்பாலும் தங்கியது கேதாரத் துறையையும் அனுமான் துறையையும் ஒட்டிய பகுதியாகும். இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பது அரிச்சந்திரன் துறை என்னும் சுடுகாடு. நீராடச் செல்வோரும் பிணம் சுமந்து வருவோரும் ஒரே கரையில் ஒருவரையொருவர் கடந்து செல்வர். அந்தச் சூழலில் நாள்தோறும் வாழ்ந்தவருக்கு நிலையாமை என்பது புத்தகத்தில் படித்தறிய வேண்டிய பாடமாக இருந்திருக்க இயலாது.

அவருக்கு முன்னரே தமிழர் அங்கே வேரூன்றியிருந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் காசிக்குச் சென்று மடம் நிறுவினார். நகரை ஆண்ட முகலாயரிடம் பேசுவதற்காக அவர் இந்துத்தானி மொழியைக் கலைமகளை வேண்டிப் பெற்றார் என்பது வழிவழிச் செய்தி. அச்செய்தியில் அற்புதம் எவ்வளவு இருந்தாலும், பிறர் மொழியைக் கற்றுத்தான் பிறர் ஊரில் இடம்பெற முடியும் என்னும் உலகியல் உண்மை அதனுள் பொதிந்திருக்கிறது.

குருவும் வீணையும்

காசியில் தீட்சிதர் குருவுக்குப் பணிவிடை செய்தார். வேதாந்தமும் யோகமும் ஸ்ரீவித்தை வழிபாடும் பயின்றார். குரு அவரை நாள்தோறும் அன்னபூரணி கோயிலுக்கு அழைத்துச் சென்று, இம்மைக்குச் சோறும் மறுமைக்கு வீடும் தருபவள் இவளே என்று காட்டினார் என்பர். பிரியும் வேளையில் கங்கையில் இறங்குமாறு குரு பணிக்க, சீடர் நீரில் மூழ்கி எழுந்தபோது கையில் ஒரு வீணை இருந்தது என்பதும், அதன் யாளிமுகம் மேல்நோக்கி இருந்தது என்பதும், அதில் இராமநாமம் தேவநாகரி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது என்பதும் அனைவரும் அறிந்த மரபுச் செய்திகள். சிதம்பரநாத யோகி காசியிலேயே சித்தியடைந்தார். அவர் சமாதி அனுமான் துறைப் பகுதியில் உள்ளதாகக் காட்டுவர்.

கங்கை தந்த வீணை என்பதை நம்பிக்கையாகக் கொள்வாரும் உளர். உருவகமாகக் கொள்வாரும் உளர். இரு சாராரும் உடன்படத்தக்க செய்தி ஒன்றுண்டு: காசி தீட்சிதருக்கு இசையைக் கொடுத்தது.

அவர் கேட்ட இசை

1739இல் நாதிர்ஷாவும், பின்னர் அகமதுஷா அப்தாலியும் தில்லியைச் சூறையாடிய பின், முகலாய அரசவையின் பாடகரும் வீணைக் கலைஞரும் ஆதரவு நாடிக் கிழக்கே இலக்குமணபுரிக்கும் காசிக்கும் வந்தனர். ஆகவே தீட்சிதர் வாழ்ந்த காலத்துக் காசியில் இசைவாணர் பலரும் தம்மைப் போன்றே வந்தேறியவர்கள். துருபத் என்னும் பழமுறைப் பாடலும் உருத்திர வீணையும் அங்கே போற்றப்பட்டன. துருபத் விரைந்து ஓடுவதில்லை. ஒரு சுரத்தில் நின்று, அதன் ஆழத்தை அளந்து, அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்வது அதன் இயல்பு. கைவிரல் தந்தியை இழுத்துச் சுரத்தோடு சுரம் இணைக்கும் வீணைக்காரருக்கு அது உடனே உள்ளத்தில் பதியும்.

தீட்சிதரின் கிருதிகளை மெதுவாகச் செல்லும் யானை நடைக்கு ஒப்பிடுவது வழக்கம். நீண்ட சொற்றொடர், விளம்ப காலம், வீணையின் சாரு கமகம், இறுதியில் மட்டும் இரட்டை நடையில் விரையும் மத்தியமகாலப் பகுதி ஆகியவை அவர் அடையாளங்கள். இவையனைத்தும் காசியிலிருந்தே வந்தன என்று கூறுவது பிழை. தந்தையாரிடம் கற்ற வேங்கடமகியின் மரபே அவருக்கு அடிப்படை. ஆயினும் அந்த அடிப்படையின்மேல் துருபத்தின் பொறுமை வந்து அமர்ந்தது என்று இசையறிஞர் பலர் கருதுவது பொருத்தமுடையதே.

இராகங்களில் அச்சுவடு இன்னும் தெளிவு. வடநாட்டுச் செய்செயவந்தி அவர் கையில் துவிசாவந்தியாயிற்று. அம்மீர் கல்யாணியில் அவர் பாடிய பரிமள ரங்கநாதம் இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பெயர் வடநாட்டு அம்மீரை நினைவூட்டினாலும், நம் அம்மீர் கல்யாணி வடநாட்டுக் கேதார் இராகத்துக்கே நெருக்கமானது. பெயரும் பொருளும் இடம்விட்டு இடம் செல்லும்போது இவ்வாறு மாறுவது உயிருள்ள இசையின் அடையாளம். பெட்டியில் வைத்துப் பூட்டிக் கொண்டுவந்த பண்டம் மாறாது. நெஞ்சில் வைத்துக் கொண்டுவந்தது வழியிலேயே வளரும்.

எல்லாவற்றினும் சிறந்த சான்று யமுனா கல்யாணியில் அமைந்த ஜம்பூபதே என்னும் கிருதியாகும். ஐம்பூதத் தலங்களைப் பாடிய வரிசையில் இது திருவானைக்காவின் நீர்த்தலத்துக்கு உரியது. நீருருவாகிய இறைவனைப் பாட அவர் தேர்ந்தெடுத்த இராகம், வடநாட்டு யமன் கல்யாணின் சாயலும், யமுனை ஆற்றின் பெயரும் கொண்டது. பாடலின் உள்ளேயும் கங்கை, காவிரி, யமுனை ஆகிய மூன்றும் ஒருசேரப் பேசப்படுகின்றன. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள ஒரு கருவறையில், ஊற்று நீர் கசியும் இலிங்கத்தின் முன்னே நின்று, தாம் இளமையில் மூழ்கிய வடநாட்டு ஆற்றை அவர் நினைத்திருக்கிறார். தீட்சிதர் எழுதாமல் விட்ட பயண நூலில் ஒரு பக்கம் வேண்டுமாயின் இதுவே அந்தப் பக்கம்.

கேட்டதும் வாழ்ந்ததும்

இப்போது நோட்டு சுவரங்களையும் யமுனா கல்யாணியையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். பாடியவர் ஒருவரே, அயலிசையை ஏற்கும் செவியும் ஒன்றே. ஆனால் ஒன்றில் அயல்மெட்டு மாறாமல் அப்படியே நிற்கிறது. மற்றொன்றில் அயல்மெட்டு எது, நம் இசை எது என்று பிரித்துக் காட்ட முடியாதபடி கரைந்துவிட்டது. காரணம் யாது? கோட்டையின் பாண்டை அவர் கேட்டார். காசியில் அவர் வாழ்ந்தார். தொலைவிலிருந்து கேட்பவர் படியெடுக்கலாம். உடன் வாழ்ந்தவர்தாம் செரித்துக்கொள்ள இயலும். செரித்துக்கொள்வதற்கு இன்னொன்றும் வேண்டும்: முன்னரே தமக்கென்று ஓர் இலக்கணம் இருத்தல் வேண்டும். எழுபத்திரண்டு மேள மரபைக் கசடறக் கற்றவராக அவர் சென்றதனால்தான், காசியின் வெள்ளம் அவரை அடித்துச் செல்லவில்லை. வெறுங்கையராகச் சென்றிருப்பின், நல்லதொரு துருபத் பாடகராகக் காசியிலேயே அவர் தங்கிவிட்டிருக்கக்கூடும்.

தமிழன்பர்க்குத் தோன்றும் ஓர் ஐயத்தையும் இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தீட்சிதர் பெரும்பாலும் வடமொழியில் பாடினாரே. தமிழும் கலந்த பாடல்கள் மிகச் சிலவே அல்லவா? உண்மை. தமிழர் அவையில் தமிழ்ப் பாடல் ஒலிக்க வேண்டும் என்று பாரதியார் வற்புறுத்தியதும், 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியதும், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதும் நேர்மையான குறையிலிருந்து பிறந்தவை. அக்குறையைத் தீட்சிதரின் பெருமை மறைத்துவிடாது. எனினும் காசியிலிருந்து திரும்பிய அவர் பாடியது எதனை? திருத்தணி, காஞ்சி, திருவண்ணாமலை, தில்லை, திருவாரூர், ஆனைக்கா, மதுரை என்று தமிழ் மண்ணின் தலங்களை ஒவ்வொன்றாக நடந்து சென்று பாடினார். மொழி வடமொழியாயினும் அவர் வரைந்த நிலப்படம் தமிழ்நாட்டின் நிலப்படம். வெளியூரில் வாழ்ந்து திரும்பியவனுக்கே சொந்த ஊர் தெருத்தெருவாகக் கண்ணில் படும் என்பது நாம் ஒவ்வோர் ஆண்டு விடுமுறையிலும் உணர்வது.

எட்டயபுரம் முதல் பம்பாய் வரை

தீட்சிதர் 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் மறைந்தார். இறுதி நாளில் காசி அன்னபூரணியின் காட்சி அவருக்குக் கிட்டியது என்று மரபு கூறும். அக்குடும்பத்தின் சுப்பராம தீட்சிதர் 1904இல் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் பெருநூலைச் சுரக்குறியீட்டுடன் எட்டயபுரத்திலேயே அச்சிட்டு, முத்துசுவாமி தீட்சிதரின் 229 கிருதிகளை அழியாமற் காத்தார். அவர் 1906இல் மறைந்தபோது இரங்கற்பா பாடியவர் அவ்வூரில் பிறந்த பாரதியார். அந்தப் பாரதியாரும் 1898 முதல் 1902 வரை காசியில், அதே அனுமான் துறைப் பகுதியில் அத்தை வீட்டில் வாழ்ந்தவர். தலைப்பாகையும் மீசையும் இந்தி மொழியறிவும் அவர்க்கு அங்கே வந்தன. எட்டயபுரத்துக்கும் காசிக்கும் இடையே இவ்வளவு போக்குவரத்து நிகழ்ந்திருப்பது வியப்புக்குரியது.

இக்கதையின் மறுபாதி நம் மும்பையில் தொடங்குகிறது. 1860இல் வாலுகேசுவரத்தில் பிறந்த விஷ்ணு நாராயண பாத்கண்டே, வழக்கறிஞராக இருந்து இசையாராய்ச்சிக்குத் தம்மை ஒப்படைத்தவர். 1904இல் அவர் தென்னாட்டுப் பயணம் மேற்கொண்டார். அப்போது பம்பாயையும் சென்னையையும் இருப்புப்பாதை இணைத்து முப்பதாண்டு கடந்திருந்தது. தமிழ் அறியாத அவர் சென்னை, தஞ்சை, மதுரை என்று வித்துவான்களைத் தேடிச் சென்று, எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைக் கண்டார். வேங்கடமகியின் சதுர்தண்டிப் பிரகாசிகையைத் தேடிப் பயின்றார். தாம் கண்டதையும் கேட்டதையும் நாட்குறிப்பாகவும் எழுதி வைத்தார். பின்னர் வடநாட்டு இராகங்களைப் பத்துத் தாட்டுகளாக அவர் வகுத்ததற்குப் பின்னே, நம் மேளகர்த்தா முறையின் தூண்டுதல் உண்டு. எழுபத்திரண்டையும் அவர் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தம் இசைக்குப் பொருந்துவது பத்து என்று கண்டு பத்தே கொண்டார். தீட்சிதர் வடக்கிலிருந்து கொண்ட முறையும், பாத்கண்டே தெற்கிலிருந்து கொண்ட முறையும் ஒன்றே.

நம் நிலை

மும்பைக்கு வந்த தமிழரும் இவ்வழியில் நடந்தவரே. தாராவியில் தோல் பதனிட்டவரும் மாதுங்காவில் எழுத்தர் வேலைக்கு வந்தவரும் செம்பூரில் குடியேறியவரும் தத்தம் கோயிலையும் பள்ளியையும் சபாவையும் அமைத்துக்கொண்டனர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் மாதுங்காவில் தொடங்கிற்று. இன்று அதன் வளாகம் நம் நெருளிலும் உண்டு. சண்முகானந்த சபை 1952இல் உருவாகி, 1963இல் பேரரங்கம் கண்டது. 1990இல் அந்த அரங்கம் தீக்கிரையாகி, 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. கழிமுகத்தைக் கடந்து இந்தப் புதிய நகரில் குடியேறிய நாம் அந்த வரிசையில் பின்வந்தவர்கள்.

ஆனால் நம் குழந்தைகளைப் பற்றி இருவகைக் கவலை நம்மிடையே உண்டு. மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பேசி வளரும் பிள்ளை தமிழை மறந்துவிடுமோ என்பது ஒன்று. தமிழை மட்டுமே பிடித்துக்கொண்டு, பிறந்து வளர்ந்த ஊருக்கே அயலாராய் நின்றுவிடுமோ என்பது மற்றொன்று. தீட்சிதர் வாழ்வு இவ்விரு கவலைக்கும் சேர்த்தே விடை தருகிறது. முதலில் வீட்டில் இலக்கணத்தை ஊன்ற வேண்டும். தமிழை எழுதவும் படிக்கவும் தெரிந்த பிள்ளை எந்த வெள்ளத்திலும் நிற்கும். அதன்பின் அயலாரைத் தொலைவில் நின்று கேட்பதோடு நின்றுவிடாமல், அவர்தம் திண்ணையில் உட்காரவைத்துக் கற்பிக்க வேண்டும். துக்காராமின் அபங்கத்தை மராத்தி ஆசிரியரிடமே கற்ற பிள்ளை, அதைத் தன் குரலில் பாடும். ஒலிப்பதிவைக் கேட்டு மட்டும் பாடிய பிள்ளையிடம் நோட்டு சுவரமே மிஞ்சும்.

இதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. இசை பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், யமன் கற்பிக்கும் மராத்தியப் பாடகர் ஒருவரையும் ஜம்பூபதே கற்பிக்கும் நம் ஆசிரியர் ஒருவரையும் ஒருநாள் மாலை ஒரே பாயில் அமரச் செய்து பாடச் சொல்லலாம். பிள்ளைகள் அருகில் இருந்து கேட்கட்டும். எது யாருடையது என்று அவர்கள் கேட்பார்கள். அப்போது கங்கைக்கும் காவிரிக்கும் இடையே நடந்து சென்ற ஓர் இளைஞரின் கதையை நாம் அவர்களுக்குச் சொல்லலாம்.